தீவு தீவாக வண்டு தேடியவர்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்று கூடுகிற இடம் திருமுக்கூடல். காஞ்சிபுரம் ஜில்லாவில், உத்திரமேரூர் வட்டாரத்தில் உள்ள சிற்றூர். அங்கே கோயில் கொண்டிருக்கும் வேங்கடேசப் பெருமாளைச் சேவிக்கப் போகிறவர்கள், சுவரில் உள்ள நீண்ட கல்வெட்டையும் பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். வீரராஜேந்திர சோழன் காலத்தில், பதினோராம் நூற்றாண்டிலே வெட்டப்பட்ட சாசனம் அது. கோயிலைச் சேர்ந்த ஆஸ்பத்திரியில் 15 படுக்கைகள் இருந்தன, வைத்தியருக்கு வருஷத்துக்கு 90 கலம் நெல்லும் 8 காசும் தரப்பட்டன, மூலிகை கொண்டு வருகிறவர், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள், நாவிதர் ஆகியோருக்கு இன்னின்ன கூலி என்று எல்லாம் அதில் எழுதியிருக்கிறது. இருப்பு வைத்த மருந்துகளின் பெயர்களும் விடாமல் பொறிக்கப்பட்டிருக்கின்றன. யாரோ ஒருவர் அற்ப விஷயம் என்று தள்ளாமல் எழுதி வைத்ததால் அல்லவா ஏறக்குறைய ஆயிரம் வருஷத்துக்குப் பிறகும் அந்த ஆஸ்பத்திரி நம் கண்முன் நிற்கிறது!

இப்படி அற்ப விஷயங்களை எழுதி வைத்தே உலகப் புகழ் பெற்றவர் ஒருவர் மேனாட்டிலும் இருந்தார். அவர் எழுதியது கல்லில் அல்ல. வண்டுகளின் உடம்போடு சேர்த்துக் குத்திய சின்னஞ்சிறு காகிதத் துண்டுகளில். அவர் பெயர் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ்.

மாந்தோப்பு விருந்தாளி

வாலஸ் தேடிப் போன வண்டு நமக்குப் புதியது அல்ல. மழைக்காலம் தொடங்கும் சமயத்தில் மாந்தோப்பு உள்ள ஊர்களில், இரவு விளக்கு வெளிச்சத்துக்குப் பெரிய வண்டு ஒன்று வந்து தொப்பென்று விழும். சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம். முதுகில் மஞ்சள், ஆரஞ்சுப் புள்ளிகள். இரண்டு அங்குல நீளம். அதன் மீசைகளோ உடம்பைவிட நீளம்! தோட்டக்காரருக்கு வண்டைவிட அதன் புழுவைத்தான் நன்றாகத் தெரியும். தாய் வண்டு மரப்பட்டையைக் கடித்து அதனுள் முட்டையிடும். புழு உள்ளே புகுந்து, மாதக் கணக்கில் மரத்தைக் குடைந்து தின்னும். அடிமரத்தில் துளையும், துளையிலிருந்து மரத்தூளும் வந்தால் ஆபத்து என்று அறிந்து, கொக்கிக் கம்பியை விட்டுப் புழுவை இழுத்துப் போடுவார்கள். கவனிக்காமல் விட்டால் காய்த்துக் குலுங்கிய மரம் கிளை கிளையாகக் காய்ந்து போகும்.

நீளமீசை வண்டுகளின் குலம் மிகப் பெரியது. உலகம் முழுவதிலும் முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. பெரும்பாலானவை, பட்டுப் போன மரத்தையும் விழுந்து கிடக்கும் மரத்தையும் தின்று மண்ணோடு மண்ணாக்கிக் காட்டுக்கு உதவி செய்பவை. நம் மாந்தோப்பு வண்டைப் போல உயிருள்ள மரத்தைக் கெடுப்பவை சில. இந்தக் குலத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட இனங்களைக் கிழக்குத் தீவுகளிலிருந்து ஒரே மனிதர் திரட்டிக் கொண்டு போனார். கல்லூரி வாசலை மிதிக்காதவர், கையில் காசு இல்லாதவர், அடிக்கடி ஜுரத்தில் படுத்தவர் அவர்.

பதினான்கு வயதில் படிப்பு நின்றது

வேல்ஸ் நாட்டில் அஸ்க் என்னும் ஊருக்கு அருகே 1823ஆம் வருஷம் ஜனவரி 8ஆம் தேதி வாலஸ் பிறந்தார். பெற்றோருக்கு எட்டாவது குழந்தை. தகப்பனார் நல்லவர், ஆனால் கைப்பொருளைக் காப்பாற்றத் தெரியாதவர். குடும்பம் நொடித்துப் போகவே, பதினான்கு வயதுக்குள் பையனின் பள்ளிப் படிப்பு நின்றது. மூத்த சகோதரர் வில்லியமிடம் நிலம் அளக்கும் வேலையைக் கற்றுக்கொண்டார். சங்கிலியைத் தூக்கிக்கொண்டு வயல் வரப்புகளில் நடந்தபோது, வழியிலே கண்ட செடிகளின் பெயர்களை அறிய ஆசை பிறந்தது. மலிவு விலைப் புத்தகம் ஒன்றை வாங்கி, தாமே படித்தார்.

1844இல் லெஸ்டர் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தபோது, உள்ளூர் நூல் நிலையத்தில் ஹென்றி வால்டர் பேட்ஸ் என்ற வாலிபரின் சிநேகம் கிடைத்தது. பேட்ஸுக்கு வண்டுப் பைத்தியம். அந்த ஒரு நகரைச் சுற்றியே நூற்றுக் கணக்கான வண்டு இனங்கள் வாழ்வதைக் காட்டியபோது வாலஸ் பிரமித்துப் போனார். அன்று பிடித்த பித்து கடைசி வரையில் தெளியவில்லை!

1848இல் நண்பர்கள் இருவரும் தென் அமெரிக்காவிலுள்ள அமேசான் நதிப் பிரதேசத்துக்குக் கப்பல் ஏறினார்கள். பூச்சிகளையும் பறவைகளையும் பிடித்து, லண்டனிலுள்ள ஏஜெண்டுக்கு அனுப்பி, அவர் விற்றுத் தரும் பணத்தில் வயிறு வளர்ப்பது என்று ஏற்பாடு. தம்பி ஹெர்பர்ட்டும் பின்னால் வந்து சேர்ந்தான். 1851இல் மஞ்சள் ஜுரம் அவனைக் கொண்டு போய்விட்டது. அந்தச் செய்தி, நதியின் மேற்பகுதியில் இருந்த வாலஸுக்கு உடனே எட்டவும் இல்லை.

கடல் நடுவே நெருப்பு

நான்கு வருஷம் உழைத்தபின், 1852 ஜூலை மாதம் ஊர் திரும்பக் கப்பல் ஏறினார். ஆகஸ்ட் 6ஆம் தேதி, நடுக்கடலில் கப்பல் தீப்பற்றிக்கொண்டது. புகைக்கு நடுவே தம் அறைக்குள் ஓடி, கைக்கு அகப்பட்ட ஒரு தகரப் பெட்டியில் சில சித்திரங்களையும் குறிப்புகளையும் போட்டுக்கொண்டு படகில் குதித்தார். லண்டனுக்குக் கொண்டு போய்த் தாமே ஆராய வேண்டும் என்று பொத்திப் பாதுகாத்த பூச்சிகளும் பறவைகளும் கண் எதிரே எரிந்து சாம்பலாயின. பத்து நாள் திறந்த படகில் வெயிலிலும் தாகத்திலும் தத்தளித்த பிறகு வேறொரு கப்பல் அவர்களை ஏற்றிக்கொண்டது. ஏஜெண்ட் ஸ்டீவன்ஸ் முன்யோசனையோடு சரக்கை 200 பவுனுக்கு இன்ஷூர் செய்திருந்ததால் பட்டினியிலிருந்து தப்பினார்.

வேறொருவராக இருந்தால் இதோடு போதும் என்று உள்ளூரில் குமாஸ்தா வேலை தேடியிருப்பார். வாலஸோ, ஊர் வந்த சில மாதங்களிலேயே அமேசான் குரங்குகளைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார். நதியின் இக்கரையில் ஒரு இனம், அக்கரையில் வேறு இனம் என்று பல இடங்களில் அவர் கண்டிருந்தார். ஆனால் பொருட்காட்சி சாலைகளில் இருந்தவற்றில், எந்தக் கரையில் பிடித்தது என்ற விவரமே இல்லை. தென் அமெரிக்கா என்றோ கிழக்கிந்தியா என்றோ எழுதிவிட்டால் போதும் என்பது அக்காலத்துச் சேகரிப்பாளர்களின் வழக்கம். இடம் தெரியாத பொருள் பாதிப் பொருள்தான் என்பது வாலஸுக்குப் புலப்பட்டது. நிலம் அளந்தவர் அல்லவா? எல்லை எங்கே என்று கேட்பது அவருக்குத் தொழில் பழக்கம்.

மரத்தூளில் கிடைத்த பொக்கிஷம்

1854ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் வாலஸ் சிங்கப்பூரில் வந்து இறங்கினார். வயது 31. பல நாட்டார் கூடிய அந்தக் கடைவீதியில், இந்தியாவிலிருந்து வந்து சில்லறை வியாபாரமும் கடையும் நடத்தியவர்களையும் அவர் கண்டு எழுதியிருக்கிறார். ஊருக்கு வெளியே புக்கித் தீமா குன்றில், ஒரு பாதிரியாரின் இல்லத்தில் தங்கினார். காட்டில் புலி பயம். புலிக்கு வெட்டிய படுகுழிகள் அங்கங்கே இருந்தன. ஆனால் சீன மரவெட்டிகள் மரத்தை வெட்டி வீழ்த்திப் பலகை அறுத்து வந்த இடம் அது. அறுபட்ட மரமும் உரிந்த பட்டையும் மரத்தூளும் நீளமீசை வண்டுக்குக் கல்யாண விருந்து மாதிரி! முட்டையிட இடம் தேடி அவை தாமே வந்தன. இரண்டே மாதத்தில் 700 வண்டு இனங்கள் கிடைத்தன. அவற்றில் 130 நீளமீசை இனங்கள். ஏறக்குறைய எல்லாமே ஒரு சதுர மைலுக்குள் கிடைத்தவை.

பிறகு போர்னியோ தீவு. அங்கே சரவாக் பிரதேசத்தை ஆண்ட ஜேம்ஸ் புரூக் என்ற ஆங்கிலேயர் அவரை ஆதரித்தார். சிமுஞ்சோன் என்னுமிடத்தில் நிலக்கரிச் சுரங்கம் தோண்டக் காட்டை வெட்டிக்கொண்டிருந்தார்கள். 1855 மார்ச்சு முதல் பல மாதம் வாலஸ் அங்கேயே குடிசை போட்டுத் தங்கினார். சீனக் கூலிகளுக்கும் டயாக் குடிகளுக்கும், பூச்சி ஒன்றுக்கு ஒரு சென்ட் தருவதாகச் சொன்னார். மூங்கில் குழாயில் வண்டுகளைப் போட்டுக்கொண்டு அவர்கள் வரிசையாக வந்தார்கள். போர்னியோவில் அவர் சேர்த்த வண்டு இனங்கள் சுமார் 2,000. நூறு தவிர மற்றவை எல்லாம் அந்தச் சுரங்கத்தைச் சுற்றிய ஒரு சதுர மைலில் கிடைத்தவை. நீளமீசை இனங்கள் மட்டும் முந்நூறு இருக்கும். பெரும்பாலும் உலகம் அறியாதவை.

அவற்றில் ஒன்றுக்குப் பின்னால் சிரியோபாலஸ் வாலேசி என்று அவர் பெயரையே வைத்தார்கள். வாலஸ் எழுதிய புத்தகத்தில், சிமுஞ்சோனில் கிடைத்த விசித்திர வண்டுகளின் படத்திலே அதுவும் இடம் பெற்றிருக்கிறது. பூச்சி சாஸ்திரிகளைத் தவிர வேறு யாரும் கேள்விப்பட்டிராத வண்டு. ஆனாலும் போர்னியோவில் இன்ன இடத்தில் பிடித்தது என்று சொல்ல முடிகிறது. அதுதான் வாலஸின் கைராசி!

ஒவ்வொரு நாள் மாலையிலும் அன்று அகப்பட்ட பூச்சிகளை ஊசியில் குத்துவார். வட்டமாக வெட்டிய சிறு காகிதத்தில் இடத்தின் பெயரைச் சுருக்கமாக எழுதி அதே ஊசியில் கோப்பார். எறும்பு வந்து தின்றுவிடாதபடி, மேஜைக் கால்களைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் நிறுத்தி வைப்பார். ஜுரம் இல்லாத நாளெல்லாம் இதே வேலை. சரவாக்கில் சேர்ந்த அலி என்ற மலாய் வாலிபன் சமையற்காரனாக வந்து, பிறகு பறவை சுடுவதிலும் பதம் செய்வதிலும் தேர்ச்சி பெற்று அவருக்கு வலக்கரமானான். வாலஸ் கொண்டு போன பறவைகளில் அலியின் பங்கு பெரிது.

அந்நாளைய முறையில் ஆராய்ச்சி என்றால் கொல்வதும் அதில் அடக்கம். போர்னியோவில் பதினேழு ஒராங் உட்டான் குரங்குகளை வாலஸ் வேட்டையாடினார். தாய் இறந்து அநாதையான குட்டி ஒன்றைப் பாலுக்கு வழியில்லாத இடத்தில் குழந்தை போல வளர்க்கப் பார்த்து, அது இறந்தபோது வருந்தவும் செய்தார். அவருடைய வரலாற்றில் இதையும் மறைப்பதற்கில்லை.

இரண்டு உலகங்களின் எல்லை

1856இல் பாலித் தீவிலிருந்து லம்போக் தீவுக்குப் போனார். நடுவே இருப்பது குறுகிய ஜலசந்தி. ஆனால் அதைக் கடந்ததும் பறவைகள் மாறிவிட்டன! பாலியில் கண்ட மரங்கொத்தி முதலிய ஆசியப் பறவைகளைக் காணோம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த வெள்ளைக் கொண்டைக் கிளிகள் பறந்தன. மேற்குத் தீவுகள் ஒரு காலத்தில் ஆசியாவோடும், கிழக்குத் தீவுகள் ஆஸ்திரேலியப் பக்கத்து நிலத்தோடும் உறவு கொண்டிருந்தவை என்று கண்டறிந்தார். அந்த எல்லைக்குப் பிற்காலத்தில் வாலஸ் கோடு என்று பெயர் வந்தது. பாலிக்கும் லம்போக்குக்கும் நடுவே உள்ள கடல் மிக ஆழமானது. உலகமெங்கும் கடல் வற்றித் தரை தெரிந்த காலங்களிலும் அங்கே தண்ணீர் நின்றது என்று இன்றைய விஞ்ஞானம் அதற்குக் காரணம் சொல்கிறது.

1857இல் ஆரு தீவுகளுக்குப் பாய்க்கப்பலில் சென்றார். பூச்சிக் கடி புண்ணாகி, கால் ஊன்ற முடியாமல் பல நாள் குடிசையில் கிடந்தார். வெளியே அபூர்வப் பட்டாம்பூச்சிகள் பறக்க, உள்ளே படுத்துக்கொண்டு பார்க்க வேண்டியதாயிற்று. நம் மாந்தோப்பு வண்டுக்கு நெருங்கிய உறவான பாடோசெரா வாலேசி என்ற பெரிய வண்டுக்கு 1858இல் அவர் பெயரை இட்டார்கள். அதன் மீசைகள் உடம்பின் நீளத்தைப் போல இரு மடங்குக்கும் மேல்.

ஜுரத்தில் உதித்த எண்ணம்

1858 பிப்ரவரியில், டெர்னேட் தீவுப் பக்கத்தில் இருந்தபோது குளிர் ஜுரம் கண்டது. கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு படுத்திருந்தவருக்கு, முன்பு படித்த மால்தஸின் ஜனத்தொகை நூல் நினைவுக்கு வந்தது. பிறப்பவை எல்லாம் பிழைப்பதில்லை. அந்தந்த இடத்துக்குப் பொருந்தியவை பிழைத்து வம்சம் பெருக்குகின்றன. அதனாலேயே காலப்போக்கில் இனங்கள் மாறுகின்றன என்ற எண்ணம் பளிச்சென்று தோன்றியது. ஜுரம் விட்டதும் சில நாட்களுக்குள் எழுதி முடித்து, இங்கிலாந்திலிருந்த சார்லஸ் டார்வினுக்குத் தபாலில் அனுப்பினார்.

ஜூன் மாதம் அதைப் பிரித்த டார்வின் திடுக்கிட்டார். இருபது வருஷமாகத் தாம் மனத்தில் வைத்து, எழுதியும் வெளியிடாமல் இருந்த அதே கொள்கை! நண்பர்கள் யோசனைப்படி, 1858 ஜூலை 1ஆம் தேதி லண்டன் லின்னேயன் சங்கத்தில் இருவருடைய எழுத்தும் சேர்த்துப் படிக்கப்பட்டன. டார்வின் அப்போது குழந்தையைப் பறிகொடுத்த துக்கத்தில் இருந்தார். வாலஸோ எங்கோ தீவில் வண்டு பிடித்துக்கொண்டிருந்தார். அவரை யாரும் கேட்கவில்லை, கேட்க அவகாசமும் இல்லை. செய்தி தெரிந்தபோது அவர் கோபம் கொள்ளவில்லை. பெரியவரோடு தம் பெயரும் சேர்ந்ததே என்று மகிழ்ந்தார். அந்தக் கொள்கையைக் கடைசி வரையில் டார்வினியம் என்றே அழைத்து, அந்தப் பெயரிலேயே 1889இல் நூலும் எழுதினார். தமக்கு உரிய பங்கை அவர் தட்டிப் பறிக்க முயலவில்லை என்பதே அவருடைய பெருமை.

கரப்பான் தின்ற சொர்க்கப் பறவைகள்

எட்டு வருஷத்தில் சுமார் 14,000 மைல் தீவுகளுக்குள் சுற்றி, 1862இல் ஊர் திரும்பினார். கூண்டில் உயிருள்ள இரண்டு சொர்க்கப் பறவைகள். வழியில் அவற்றுக்கு இரை போடக் கப்பலிலும், மால்டாத் தீவில் ரொட்டிக் கிடங்கிலும் கரப்பான் பூச்சிகளைத் தேடிப் பிடித்தார்! மொத்தச் சேகரிப்பு 1,25,660. அதில் வண்டுகள் மட்டும் 83,200. நீளமீசை வண்டுகளை மட்டும் பாஸ்கோ என்ற நிபுணர் ஆராய்ந்து எழுதி முடிக்க 1864 முதல் 1869 வரை பிடித்தது. 1869இல் வாலஸ் எழுதிய மலாய்த் தீவுக்கூட்டம் என்ற நூலை டார்வினுக்கே சமர்ப்பணம் செய்தார்.

1866இல் ஆனி மிட்டன் என்பவரை மணந்தார். மூத்த மகன் சிறு வயதிலேயே இறந்தான். நிலையான உத்தியோகம் கடைசி வரையில் கிடைக்கவில்லை. வண்டு விற்ற பணத்தை ரயில்வே, சுரங்கப் பங்குகளில் போட்டு இழந்தார். உலகம் தட்டை என்று வாதித்தவரோடு 1870இல் பந்தயம் கட்டி, ஜெயித்தும், வருஷக் கணக்கில் வசையும் வழக்கும்தான் மிச்சமாயிற்று. ஆவிகளோடு பேசலாம் என்று நம்பியதும், அம்மை குத்துவதை எதிர்த்ததும் அவருடைய பெயருக்குக் குறைவையே தேடித் தந்தன. பரீட்சைத் தாள் திருத்தியும் கட்டுரை எழுதியும் காலம் தள்ளினார். டார்வின் முயன்று, 1881இல் வருஷம் 200 பவுன் உபகாரச் சம்பளம் வாங்கித் தந்தார். 1908இல் அரசாங்கம் ஆர்டர் ஆப் மெரிட் என்ற உயர்ந்த விருதை அளித்தது. 1913 நவம்பர் 7ஆம் தேதி, தமது 90ஆம் வயதில் காலமானார்.

காகிதத் துண்டின் மகிமை

அவர் பிடித்த வண்டுகளில் பல லண்டன் இயற்கை வரலாற்றுப் பொருட்காட்சி சாலையில் இன்றும் இருக்கின்றன. வட்டக் காகிதமும் அதே ஊசியில் இருக்கிறது. அந்தக் காகிதத்தால் என்ன பயன் என்பதற்கு ஒரு சான்று. பச்சான் தீவில் அவர் பிடித்த ராட்சத தேனீ ஒன்று பிறகு யார் கண்ணிலும் படவில்லை. அழிந்துவிட்டது என்றே நினைத்தார்கள். 1981இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஒருவர் அதே தீவுப் பக்கத்தில் தேடி அதைக் கண்டுபிடித்தார். 2019இல் உயிரோடு படமும் எடுத்தார்கள். எங்கே தேடுவது என்று வாலஸ் எழுதி வைத்திருந்தார் அல்லவா!

1863லேயே அவர் ஓர் எச்சரிக்கை செய்தார். காடு அழிய அழிய எத்தனையோ ஜீவராசிகள் பெயர்கூட இல்லாமல் மறைந்து போகும். அதற்குள் அவற்றைத் திரட்டிப் பாதுகாப்பது அரசாங்கங்களின் கடமை. தவறினால் பின்வரும் சந்ததியார் நம்மைக் குறை கூறுவார்கள் என்று வாதாடினார். போர்னியோவில் அவர் நடந்த காடுகளில் பெரும்பகுதி பிற்காலத்தில் வெட்டப்பட்டு எண்ணெய்ப் பனைத் தோட்டமாயிற்று. மரம் போனால் மரத்தைத் தின்னும் வண்டும் போயிற்று.

திருமுக்கூடலில் ஆஸ்பத்திரி இல்லாமற் போய் எத்தனையோ நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. வைத்தியருக்கு அளந்த நெல்லின் கணக்கு மட்டும் சுவரில் நிலைத்திருக்கிறது. வாலஸ் கண்ட காடும் அப்படித்தான். அதன் கணக்கு வண்டுகளோடு கோத்த காகிதத் துண்டுகளில் நிலைத்திருக்கிறது. அடுத்த மழைக்கு நம் வீட்டு விளக்கடியில் ஒரு நீளமீசை வண்டு வந்து விழுந்தால், மிதிப்பதற்கு முன்னால் ஊரையும் தேதியையும் ஒரு காகிதத்தில் குறித்து வைக்கலாம். வாலஸும் அப்படி ஒரு வண்டிலிருந்துதான் தொடங்கினார்.